நான்கு வருடம், ஒரு சாண்: நிமிர்ந்து வளரும் ஐவி

நான்கு வருடங்களுக்கு முன் நுவரெலியாவில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த, ஐவி என்ற குளிர்நாட்டுக் கொடியின் கன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. யாழ்ப்பாணத்து வெயிலில் அதுவே பெரிய சங்கதி. எங்கும் வளரும் என்று சொல்லித்தான் விற்றார்கள். எவ்வளவு வளரும் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

இது மதிலில் ஏறும் ஐவி இல்லை. ‘எரெக்ரா’ என்ற வகை. படராமல் விறைப்பான தண்டுகளாக நிமிர்ந்து நிற்கும். தண்டின் இருபுறமும் கரும்பச்சை இலைகள், சடை பின்னியதுபோல் நெருங்கி அடுக்கிவரும். பக்கத்து வீட்டு மாமி தொட்டுப் பார்த்த பிறகும், “தம்பி, இது பிளாஸ்ரிக் இல்லையா?” என்று கேட்டார்.

பூச்சாடியில் ஓர் ஈர்க்கைக் குத்தி, தைப்பொங்கல்தோறும் உயரத்தைப் பேனையால் குறித்து வருகிறேன். நான்கு கோடுகள். முதல் கோட்டுக்கும் கடைசிக் கோட்டுக்கும் இடையே ஒரு சாண் தேறாது. அந்த வளர்ச்சியும் கார்த்திகை முதல் தை வரைதான். சித்திரை பிறந்தால் அப்படியே நின்றுவிடும்.

முதல் வருடம் முன்வாசலில் வைத்தது என் பிழை. வைகாசியில் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றுத் தொடங்க இலையோரம் கருகியது. பிறகு ஊசியால் குத்தியதுபோல் வெளிறிய புள்ளிகள். இலையின் அடியில் மெல்லிய நூலாம்படை. வெள்ளைத் தாளின் மேல் தட்டிப் பார்த்தேன். மிளகாய்த்தூள்போல் விழுந்தவை நடக்கத் தொடங்கின. சிற்றுண்ணி! மருந்து அடிக்கவில்லை. கிணற்றடி வேப்பமர நிழலுக்கு மாற்றி, மூன்று நாளுக்கு ஒருமுறை இலைகளின் அடிப்புறத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினேன். ஒன்றரை மாதத்தில் தெளிந்தது. சோளக காலத்தில் இந்தக் குளிப்பாட்டு இப்போதும் உண்டு.

கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பை நினைத்துப் பயந்தது வீண். ஐவி சுண்ணாம்பு நிலத்தைத் தாங்கும் இனம். இலையில் படியும் வெள்ளையை ஈரத்துணியால் துடைத்தால் போதும். தேங்கும் நீர்தான் ஆகாது. ஒரு மாரியில் சாடியின் ஓட்டை அடைபட்டு இரண்டு தண்டுகள் அழுகின. இப்போது செம்மண்ணோடு மணலும் தும்புத்தூளும் கலந்து, அடியில் ஓட்டுத் துண்டுகள் போட்டிருக்கிறேன்.

நுனி வெட்டும்போது கையுறை அவசியம். சாறு பட்டு என் முன்கை இரண்டு நாள் தடித்திருந்தது. சின்னப் பிள்ளைகள் இலையை வாயில் வைக்காமல் பார்க்க வேண்டும். இவ்வளவு மெதுவாக வளர்வது வேலிக்கு உதவாது; மறைப்புத் தேடுவோர் கிளுவையையோ பூவரசையோ நடட்டும்.

வெட்டிய நுனிகள் மூன்றை ஈர மணலில் ஊன்றியதில் இரண்டு வேர்விட்டன. ஒன்றை மாமி கேட்டு வாங்கிப்போனார். தொலைக்காட்சிப் பெட்டிக்கு அருகே, பிளாஸ்ரிக் ரோசாக்களுக்கு நடுவில் வைத்திருக்கிறார்.