1971 விக்ராந்த் கேட்டேன், வந்தது என்னன்னு பாருங்க (கப்பல் மாடல் கிட் வாங்குறவங்க கவனத்துக்கு)

பழைய ஐஎன்எஸ் விக்ராந்த் (நம்ம கடற்படையோட விமானந்தாங்கிக் கப்பல்) மாடல் கிட் யாராவது தேடிட்டு இருந்தீங்கன்னா, பணம் அனுப்புறதுக்கு முன்னாடி இத ஒருதடவ படிச்சிடுங்க. கொஞ்சம் நீளம்தான், கோவத்துல எழுதுறேன்.

எங்க தாத்தா அந்தக் கப்பல்ல ஸ்டோக்கரா (பாய்லரப் பார்த்துக்கற ஆளு) இருந்தவரு. 1971 டிசம்பர் சண்டைல வங்காள விரிகுடால இருந்து அப்போதைய கிழக்கு பாகிஸ்தான்ல காக்ஸ் பஜார், சிட்டகாங்னு ஸீ ஹாக், அலிஸே விமானங்கள அனுப்பி அடிச்சாங்கல்ல, அப்ப இவரு கீழ பாய்லர் ரூம்ல. மேல என்ன தாத்தா நடந்துச்சுன்னு கேட்டா "எனக்கென்னடா தெரியும், வேர்த்துச்சு"ம்பாரு. ஆனா நாலு பாய்லர்ல ஒண்ணு விரிசல் விட்டு மூணு பாய்லரோடயே கப்பல் சண்டைக்குப் போன கதைய மட்டும் சலிக்காம சொல்லுவாரு. கேட்டபல்ட்டுக்கு (டெக்ல இருந்து விமானத்த உந்தித் தள்ளுற கருவி) போறது எங்க ஸ்டீம்டா, நாங்க இல்லேன்னா மேல ஒருத்தனும் கெளம்பிருக்க முடியாதுங்கறதுதான் அவரு பெருமை. 2014-ல கப்பல ஒடச்சு இரும்பா போட்டப்ப பேப்பர மடிச்சு வச்சிட்டு ரெண்டு நாள் யார்கூடயும் சரியா பேசல.

அதான் ஒரு மாடலாவது செஞ்சு அவரு கைல குடுக்கணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆச. நான் தேடுன வரைக்கும் கடைல இந்தக் கப்பலுக்கு பிளாஸ்டிக் கிட் சிக்கல, சின்னச் சின்ன ஆளுங்க ரெசின்ல (அச்சுல ஊத்துனா கெட்டியாகுற பிசின்) வார்த்து விக்கிறதுதான். அப்படி ஒரு பேஜ்ல 1/700 (நிஜக் கப்பல்ல எழுநூறுல ஒரு பங்கு நீளம்) கிட் போட்டிருந்தான், போட்டோல முன்பக்கம் தட்டையான டெக், அச்சு அசலா தாத்தா ஆல்பத்துல இருக்கற மாதிரி. "1971 வெர்ஷன்தானே"ன்னு கேட்டேன், "ஆமா சார் அதேதான்"னான். 6,800 ரூபா, முழுசா அட்வான்ஸ், ஒரு தனிநபர் பேருக்கு க்யூஆர் ஸ்கேன் பண்ணச் சொன்னான். பண்ணேன். இங்கதான் நான் முட்டாள்.

இருபது நாள் கழிச்சு பார்சல் வந்துச்சு. தாத்தா முன்னாடியே பிரிச்சேன், அது ரெண்டாவது முட்டாள்தனம். அவரு கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஹல்லை (கப்பலோட உடம்பு) கைல எடுத்து, பின்னாடி இருந்து ஆள்காட்டி வெரலால டெக்கத் தடவிக்கிட்டே வந்தாரு. முன்னாடி வந்ததும் வெரல் மேட்டுல ஏறுச்சு. திரும்பவும் தடவுனாரு.

"கேட்டபல்ட் எங்கடா?"

அப்பதான் எனக்கே உறைச்சுது. வந்திருக்கறது ஸ்கி ஜம்ப் (விமானம் ஏறிக் கெளம்ப டெக்கோட முன்பக்கம் மேல வளைஞ்ச சரிவு) வச்ச விக்ராந்த். அது ஸீ ஹாரியர் ஜெட்டுக்காக 80-கள் கடைசில ரீஃபிட் பண்ணி மூக்கத் தூக்கி வச்சது, அதுக்காக கேட்டபல்ட்டையே எடுத்துட்டாங்க. அதாவது எங்க தாத்தா ஸ்டீம் குடுத்த அந்த ஒரு விஷயம் மட்டும் இல்லாத கப்பல எனக்கு அனுப்பியிருக்கான்.

அதோட முடியல. நிஜக் கப்பல் 700 அடி, அப்ப 1/700-ல சரியா ஒரு அடி வரணும், 30.5 செ.மீ. ஸ்கூல் ஸ்கேல வச்சு அளந்தேன், 29.6. அடுத்தவன் கிட்ட வாங்கி அதுலயே அச்சு எடுத்து வார்க்கற ரீகாஸ்ட் வேலையில இந்த மாதிரி சுருங்கும், இதுவும் அதுதான்னு நினைக்கிறேன். ஹல்லு வளைஞ்சும் இருக்கு, கண்ணாடி மேல வச்சா பின்பக்கம் உக்காருது, நடுவுல நூல் விட்டா போகுது. வெந்நீர்ல போட்டு நிமித்தலாம், அது பெரிய விஷயமில்ல. டீகால் (மாடல் மேல ஒட்டுற ஸ்டிக்கர்) ஷீட்ல இருந்த கொடிதான் உச்சம். நீலக் கலர்ல எட்டு மூலைச் சின்னம் போட்ட கொடி! அது 2022-ல புது விக்ராந்த் வந்த அன்னிக்கு அறிமுகமான கடற்படைக் கொடி. பழைய கப்பல் 1997-லயே ரிட்டயர் ஆயிடுச்சு. 71-ல இருந்தது வெள்ளைல சிவப்புச் சிலுவை, மூலைல மூவர்ணம். ஏரோப்ளேனாவது சரியா இருக்கும்னு பார்த்தா ஆறு ஸீ ஹாரியர், அதுல ரெண்டுக்கு றெக்க இல்ல.

மெசேஜ் போட்டேன். பதில் அப்படியே தரேன்: "விக்ராந்த்னா விக்ராந்த்தான் சார், ஷோகேஸ்ல வச்சா யாருக்குத் தெரியப்போகுது." எங்க வீட்ல தெரியும்யான்னேன். அன்பாக்சிங் வீடியோ இருக்கான்னு கேட்டான், இல்லன்னேன், அப்ப கிளெய்ம் இல்லன்னான், மறுநாள் பிளாக். அப்பறம்தான் அந்தப் போட்டோவ இமேஜ் சர்ச்ல போட்டுப் பார்த்தேன், எவனோ ஒரு வெளிநாட்டுக்காரன் எப்பயோ செஞ்ச மாடல், இவனுதே இல்ல.

பேங்க்ல நீங்களா அனுப்புனதுதானேன்னு கைய விரிச்சுட்டாங்க. கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன் 1915-ல புகார் பதிஞ்சிருக்கேன், பொறுமையாத்தான் கேட்டுக்கிட்டாங்க, ஆனா விக்கிறவன் அட்ரஸ் கேட்டப்ப என்கிட்ட ஒரு மொபைல் நம்பரத் தவிர எதுவும் இல்ல. பேஜ்லயும் கடை பேரு அட்ரஸ் கிடையாது, அத மொதல்லயே பார்த்திருக்கணும். அதனால சொல்றேன், கப்பல் பேர மட்டும் கேக்காதீங்க, எந்த வருஷத்துக் கப்பல்னு கேளுங்க. ஹல்லு பக்கத்துல ஸ்கேல் வச்சு, உங்க பேரும் தேதியும் எழுதுன பேப்பர் வச்சு போட்டோ அனுப்பச் சொல்லுங்க, அனுப்பலேன்னா விட்டுடுங்க. பார்சலப் பிரிக்கறப்ப வீடியோ எடுத்துக்கிட்டே பிரிங்க, எரிச்சலாத்தான் இருக்கும்.

ரேசர் சா வச்சு அந்த மூக்க அறுத்துப் பார்த்தேன் (மாஸ்க் போட்டுக்கிட்டு, ஈரம் பண்ணிட்டுதான் தேய்ச்சேன், ரெசின் தூசு நெஞ்சுக்குள்ள போகக் கூடாது). உள்ள மிளகு சைஸ்ல காத்துக் குமிழி, நாலு எடத்துல. புட்டி வச்சு அடைச்சு மேல பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருக்கேன், சுமாரா இருக்கு. ரெண்டு நாள் முன்னாடி தாத்தா மேஜைக்கு வந்து பென்சில எடுத்து அதுல ஒரு கோடு போட்டாரு, கேட்டபல்ட் இங்க வரணும்னு. கை நடுங்குனதுல கோடு கொஞ்சம் கோணல்.

பேஜ் பேர் போடல, போட்டா நாளைக்கே வேற பேர்ல வருவான். நேத்து வேற நம்பர்ல இருந்து பார்த்தேன், அதே போட்டோ, அதே "1971 வெர்ஷன்", இப்ப 7,500.