பள்ளியில் நடந்த தீயணைப்பு, 108 ஒத்திகை: ஒரு பெற்றோரின் பார்வை

காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். பையன் ஆறாவது படிக்கிறான். போன வாரம் தீயணைப்புத் துறையும் 108 ஆம்புலன்ஸும் சேர்ந்து பள்ளியில் ஒத்திகை நடத்தினார்கள். சும்மா பேசிவிட்டுப் போவார்கள் என்றுதான் நினைத்தேன்.

தீயணைப்பு வண்டி வாசலிலேயே நின்றுவிட்டது. சின்னக் கதவு மட்டும்தான் திறந்திருந்தது, பெரிய கேட்டுக்குப் பூட்டு. சாவி சத்துணவு அக்காவிடம். அவர் காய் வாங்கச் சந்தைக்குப் போயிருந்தார். 11 நிமிடம் ஆயிற்று. 2004-இல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் போனதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லோர் முகத்திலும் அதுதான் இருந்தது. இந்தப் பூட்டைக் காட்டிக்கொடுத்ததற்கே முழு மதிப்பெண்.

அப்புறம் பாம்புக்கடி. இறுக்கிக் கட்டாதே, கீறாதே, கடிபட்ட காலை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ என்றார்கள். எங்க அப்பாரு இன்னமும் கயிறு தேடுகிற ஆள். வீட்டுக்கு வந்து முதலில் அவரிடம்தான் சொன்னேன்.

குறையும் உண்டு. இதயத் துடிப்பு நின்றவருக்கு நெஞ்சை அமுக்கும் முதலுதவியைப் பழக ஒரே பொம்மை, பிள்ளைகளோ 60 பேர். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அமுக்க வேண்டுமாம். பையனுக்கு முறை வருவதற்குள் மணி அடித்துவிட்டது.

கேட் சாவிக்கு இப்போது மூன்று நகல். ஒன்று எதிர் மளிகைக் கடையில் தொங்குகிறது.