38 வயதில் நின்ற மாதவிடாயும் ஆறு ஆண்டு ஹார்மோன் சிகிச்சையும்

எனக்கு மாதவிடாய் நின்றபோது வயது 38. இந்தியப் பெண்களுக்கு அது இயல்பாக நிற்கும் வயது சராசரியாக 46, 47 என்பார்கள். 45க்கு முன்பே நின்றால் முன்கூட்டிய நிறுத்தம் என்றும், 40க்கு முன்பே நின்றால் சினைப்பை உரிய காலத்துக்கு முன் செயலிழந்துவிட்டது என்றும் மருத்துவர்கள் பிரித்துப் பேசுகிறார்கள். நான் இரண்டாம் வகை. 2019 ஏப்ரலில், சினைப்பை சுரக்காமல் விட்ட ஈஸ்ட்ரோஜன் முதலியவற்றை மருந்தாகத் தரும் ஹார்மோன் சிகிச்சையைத் தொடங்கினேன், இன்றுவரை தொடர்கிறேன். தொடங்கிய புதிதில், நீண்ட நாள் இதை எடுத்துக்கொண்ட ஒரு பெண்ணின் அனுபவத்தைத் தமிழில் தேடிப் பார்த்தேன். கிடைத்தவற்றில் பாதி புற்றுநோய் வரும் என்று பயமுறுத்தின, மீதி இளமை திரும்பும் என்று ஆசை காட்டின. எனக்கு இரண்டும் நேரவில்லை. நடந்தது என்னவென்றால், சரியான மருந்து முதல் நாளிலிருந்தே கையில் இருந்தும், அது என் உடம்புக்குப் பொருந்துகிற அளவையும் வடிவத்தையும் கண்டுபிடிக்க ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு பிடித்தது.

நான் திருச்சியில் பள்ளிக் கணித ஆசிரியை. 2018 கோடையில் மாதவிடாய் தள்ளித் தள்ளிப் போயிற்று. நெஞ்சில் தொடங்கிக் கழுத்துக்கும் முகத்துக்கும் ஏறும் அனல், இரண்டு மூன்று நிமிடத்தில் வியர்வை, அது காய்ந்ததும் ஒரு நடுக்கம். திருச்சியின் மே மாதத்தில் இதை நோய் என்று யாரிடம் சொல்வது? டிசம்பரிலும் வகுப்பறை மின்விசிறியின் கீழே நின்று முந்தானையால் விசிறிக்கொண்டபோதுதான் இது வெயில் அல்ல என்று எனக்கே புரிந்தது. மாமியார், "சூட்டு உடம்பும்மா, வெந்தயத்த ஊறவெச்சுக் குடி" என்றார். அம்மா, நான் வயதுக்கு வந்தபோது செய்துகொடுத்த உளுந்தங்களியை 25 ஆண்டுகள் கழித்து மறுபடியும் கிண்டி எடுத்து வந்தார். இருவரும் சொன்னதைக் கேட்டேன். களி நன்றாகவே இருந்தது.

அனலைவிட என்னைக் கலங்கடித்தது மறதி. கரும்பலகையின் முன் நின்று, ஆயிரம் முறை எழுதிய ஒரு சூத்திரத்தின் அடுத்த வரி வராமல் திகைத்த நாள் இன்றும் நினைவில் இருக்கிறது. விரல் மூட்டுகளில் வலி, இரவு மூன்று மணிக்கு விழிப்பு, காரணமில்லாத எரிச்சல் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. இரத்தப் பரிசோதனையில் எஃப்.எஸ்.ஹெச்., அதாவது சினைப்பையைத் தூண்ட மூளையடியிலிருந்து சுரக்கும் ஹார்மோனின் அளவு, 68 என்று வந்தது. ஆறு வாரம் கழித்து மறுபடி பார்த்தபோது 74. சினைப்பை ஒழுங்காக வேலை செய்தால் மூளை இவ்வளவு உரக்க அதை அழைக்க வேண்டியதில்லை. 25க்கு மேல் போனாலே சந்தேகிக்க வேண்டும் என்று மருத்துவர் விளக்கினார். எனக்கு முன்பே ஹாஷிமோட்டோ வகைத் தைராய்டு குறைபாடு இருந்தது. உடல் தன்னைத் தானே தாக்கிக்கொள்ளும் நோய் ஒன்று இருப்பவர்களுக்கு இதுவும் சேர்ந்து வருவது அபூர்வமல்ல. குரோமோசோம் பரிசோதனையும் செய்தார்கள், அதில் குறை ஏதும் தெரியவில்லை.

சிகிச்சைக்கு ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. தயக்கத்துக்குக் காரணம், 2002இல் அமெரிக்காவில் பாதியில் நிறுத்தப்பட்ட 'பெண்கள் நல முனைப்பு' ஆய்வு. ஈஸ்ட்ரோஜனோடு இன்னொரு ஹார்மோனும் சேர்ந்த கூட்டு மருந்தை எடுத்துக்கொண்ட பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேருக்கு எட்டு பேர் வீதம் கூடுதலாக இருந்தது என்பதுதான் அன்றைய தலைப்புச் செய்தி. அந்தக் கூட்டு மருந்துச் சோதனையில் கலந்துகொண்ட 16,608 பேரும் 50 முதல் 79 வயது வரையிலானவர்கள், அவர்களின் சராசரி வயது 63 என்பதும், அவர்களில் மருந்து தரப்பட்டவர்கள் எடுத்துக்கொண்டது குதிரையின் சிறுநீரிலிருந்து பிரித்த ஈஸ்ட்ரோஜனும், புரொஜெஸ்ட்ரோன் ஹார்மோனைப் போல வேலை செய்யும் ஒரு செயற்கை மருந்தும் என்பதும் செய்தியின் அடியில் போய்விட்டன. என் மருத்துவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உங்கள் வயதில் உள்ள மற்றப் பெண்களுக்கு இந்த ஹார்மோன் உடம்பிலேயே சுரக்கிறதே, அவர்களை யாராவது அதை நிறுத்தச் சொல்கிறார்களா?" ஒப்பிட வேண்டியது 63 வயதுப் பெண்ணோடு அல்ல, சினைப்பை இயங்கும் 38 வயதுப் பெண்ணோடு என்பது அப்போதுதான் உறைத்தது. 'மாற்று' சிகிச்சை என்று எழுதுவதைவிட 'ஈடுசெய்' சிகிச்சை என்று எழுதுவது பொருத்தம் என நான் நினைப்பதும் இதனால்தான். இருந்திருக்க வேண்டியதை, அது இயல்பாக நிற்கும் வயது வரை, வெளியிலிருந்து கொடுக்கிறோம், அவ்வளவே. மார்பகப் புற்றுநோயோ இரத்தக் கட்டியோ முன்பு வந்தவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு, அவர்கள் என் அனுபவத்தை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

முதலில் தந்தது எஸ்ட்ராடியால் வேலரேட் என்ற ஈஸ்ட்ரோஜன் மாத்திரை, 2 மில்லிகிராம், தினமும் ஒன்று. அதோடு மாதத்தில் 14 நாள், புரொஜெஸ்ட்ரோனைப் போல வேலை செய்யும் டைட்ரோஜெஸ்ட்ரோன் 10 மில்லிகிராம். கருப்பை உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியே எடுத்துக்கொண்டால் அதன் உள்படலம் தடித்துக்கொண்டே போய்ப் புற்றுநோய் அபாயம் வரும் என்பதால் இரண்டாவது மருந்து கட்டாயம். முதல் மூன்று வாரம் நரகம் என்றுதான் சொல்ல வேண்டும். குமட்டல், மசக்கையில் இருந்ததைப் போன்ற மார்பு வலி, வாரத்துக்கு இரண்டு ஒற்றைத் தலைவலி. அனல் ஒரு நாளைக்கு 11 முறை வந்தது 8 ஆகக் குறைந்ததே தவிர நிற்கவில்லை. 22ஆம் நாள் மாத்திரை அட்டையைக் குப்பைக் கூடையில் போட்டேன். மாலையில் வெட்கத்தோடு எடுத்து வைத்துக்கொண்டேன். அதற்குக் காரணம் துணிச்சல் அல்ல, பழக்கம்தான்: வரைபடத் தாளில் தினமும் அனலின் எண்ணிக்கையைக் குறித்து வந்தேன், கோடு மிக மெதுவாகவேனும் கீழ்நோக்கிச் சரிந்துகொண்டிருந்தது. பத்தாவது வாரம் அது நாளுக்கு 2 என்று ஆனது. மூன்று மாதம் முடியுமுன் இந்த மருந்தைப் பற்றி எந்தத் தீர்ப்பும் எழுதக் கூடாது என்பேன்.

ஆனால் நான்காம் மாதம் வேறொரு சிக்கல். அனல் குறைந்த பிறகும் உடல் சோர்ந்து, முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. ஹார்மோன் ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு கட்டப் பார்த்தேன். பரிசோதித்தால், தைராய்டு ஹார்மோன் போதாதபோது ஏறும் டி.எஸ்.ஹெச். 9. வாய்வழி ஈஸ்ட்ரோஜன் கல்லீரலில், தைராய்டு ஹார்மோனாகிய தைராக்ஸினைப் பிடித்து வைக்கும் புரதத்தைக் கூட்டிவிடும், ஆகவே தைராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்கு அந்த அளவைக் கூட்ட வேண்டியிருக்கலாம். இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. என் தைராய்டு மாத்திரை 75 மைக்ரோகிராமிலிருந்து 100 ஆனது, இரண்டு மாதத்தில் சோர்வு விலகியது. தைராய்டு மருந்து எடுக்கும் எவரும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை தொடங்கி ஆறு முதல் எட்டு வாரத்தில் கேளாமலே ஒரு டி.எஸ்.ஹெச். பார்த்துவிடுவது நல்லது.

மருந்துக் கடை அனுபவமும் ஒன்று உண்டு. இதே மாத்திரைகளைத்தான் குழந்தைப்பேறு சிகிச்சைக்கும் எழுதுகிறார்கள். ஆகவே கடைக்காரர் ஒவ்வொரு மாதமும், "ரெண்டாவதுக்கா மேடம்? இந்த முறை நல்ல செய்தி வரும்" என்று மனமார வாழ்த்தி அனுப்புவார். ஓராண்டு காலம் நான் தலையசைத்துவிட்டு வந்தேன். என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. இரண்டாவது குழந்தை என்ற எண்ணத்தை அந்த ஆண்டுதான் மனத்திலிருந்து இறக்கி வைத்திருந்தேன் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? ஆயினும் இந்த நிலையில் உள்ளவர்களில் 100க்கு 5 முதல் 10 பேர் தாமாகவே கருவுறுவது உண்டு என்பதையும், ஈடுசெய் ஹார்மோன் கருத்தடை மருந்து அல்ல என்பதையும் மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

தலைவலி விடாததால் 2020 பிப்ரவரியில் மாத்திரையை நிறுத்தித் தோலில் பூசும் எஸ்ட்ராடியால் ஜெல்லுக்கு மாற்றினார்கள். குப்பியை ஒரு முறை அழுத்தினால் 0.75 மில்லிகிராம். முதலில் இரண்டு அழுத்தம், பிறகு மூன்று. தோல் வழியே செல்வது முதலில் கல்லீரலுக்குள் போகாமல் நேரே இரத்தத்தில் கலப்பதால் இரத்தம் உறையும் அபாயத்தைக் கூட்டுவதில்லை, ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் இதையே விரும்புகிறார்கள். இரண்டே மாதத்தில் தலைவலி மாதத்துக்கு ஒன்றாகக் குறைந்தது. இந்த ஆறு ஆண்டில் எனக்குக் கிடைத்த ஆகப் பெரிய நன்மை எது என்று கேட்டால் இந்த மாற்றம்தான் என்பேன்.

ஜெல்லுக்கு என்று ஒரு வாழ்க்கை முறை வேண்டும். கையின் மேற்புறமும் தொடையும் பூசும் இடங்கள், மார்பில் பூசக் கூடாது. தேய்க்கத் தேவையில்லை, மெல்லப் பரப்பிவிட்டு உலர விட வேண்டும், குறைந்தது ஒரு மணி நேரம் அந்த இடத்தைக் கழுவக் கூடாது. காலையில் குளித்ததும் பூசிப் பார்த்தேன். ரவிக்கையின் கை ஒட்டிக்கொண்டது, வியர்வையில் மருந்து போயிற்றோ என்ற சந்தேகம் வேறு. இரவுக் குளியலுக்குப் பின் தொடையில் பூசுவது என்று முடிவானது. வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் என்றால் சீயக்காய் போட்டு எண்ணெய்ப் பிசுக்கு முழுவதும் போன பிறகே பூசுவேன். ஜெல்லில் சாராயச் சத்து இருப்பதால் உலரும் வரை தீயருகே போகக் கூடாது. பூசிய கையோடு விளக்கேற்றப் போய், நினைவு வந்து திரும்பிய நாளும் உண்டு. மகள் வந்து மடியில் சாய்வாள் என்பதால் அந்த இடம் எப்போதும் துணியால் மூடியிருக்க வேண்டும், இன்னொருவர் தோலில் ஒட்டினால் அவருக்கும் ஹார்மோன் போய்ச் சேரும். விலை மாத்திரையைவிடக் கூடுதல், எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை, சொல்லிவைத்து வாங்க வேண்டும்.

அப்படிச் சொல்லிவைத்தும் கிடைக்காத காலம் உடனே வந்தது. 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு, ஏப்ரல் நடுவில் என் குப்பி தீர்ந்தது. ஐந்தாம் நாள் அனல் திரும்பியது, எட்டாம் நாள் தூக்கம் போனது, இரண்டாம் வாரம் இணையவழி வகுப்பில் ஒரு மாணவியின் பெயர் நாவில் வரவில்லை. அதுவரை, ஒருவேளை காலப்போக்கில் தானாகவே சரியாகியிருக்குமோ, மருந்து வெறும் நம்பிக்கைதானோ என்ற ஐயம் எனக்குள் இருந்தது. அந்த மூன்று வாரத்தில் அது தீர்ந்தது. தொலைபேசியில் மருத்துவரைக் கேட்டு, பழைய மாத்திரை மீதியை வைத்துச் சமாளித்தேன். அதிலிருந்து ஒரு குப்பி எப்போதும் கூடுதலாக அலமாரியில் இருக்கும்.

டைட்ரோஜெஸ்ட்ரோனுக்குப் பதில் இயற்கைப் புரொஜெஸ்ட்ரோனை ஒத்த நுண்துகள் மருந்தை, 200 மில்லிகிராம் வீதம் மாதத்தில் 12 இரவு எடுக்கச் சொன்னார்கள். இது உடலில் சிதைந்து உருவாகும் பொருள் மூளையில் தூக்க மருந்தைப் போல வேலை செய்யும். முதல் நாள் எட்டு மணிக்கே விழுங்கிவிட்டு விடைத்தாள் திருத்த உட்கார்ந்து, அதன் மேலேயே தலை சாய்த்துத் தூங்கிவிட்டேன். இப்போது படுக்கையில் அமர்ந்த பிறகுதான் வாயில் போடுகிறேன். அந்த 12 நாளும் மனம் சற்றுக் கனத்தே இருக்கும். ஆறு ஆண்டாகியும் இது முழுதாகப் போகவில்லை. கொஞ்சம் வயிறு உப்பலும் உண்டு.

அந்தச் சுற்று முடிந்ததும் இரத்தப்போக்கு வரும். மருந்து விலகியதால் வரும் போக்குதான் அது, கருமுட்டை வெளிவந்த மாதவிடாய் அல்ல. முதல் முறை வந்தபோது மாமியார், "திரும்ப வந்துடுச்சா?" என்று கேட்டார், முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சி. கூடவே பூசையறைக் கட்டுப்பாடும் திரும்பியது. இது மாத்திரையின் கணக்கு, தீட்டின் கணக்கு அல்ல என்று அவரிடம் சொல்லிவிட்டு விளக்கேற்றினேன். சில மாதம் பேச்சு குறைந்தது, பிறகு பழகிவிட்டது.

இந்தச் சிகிச்சை தீர்க்காதவையும் உண்டு. பிறப்புறுப்பின் வறட்சியும் சிறுநீர் கழிக்கையில் எரிச்சலும் ஜெல்லால் போகவில்லை. கிருமித் தொற்று என்று இரண்டு முறை ஆன்டிபயாட்டிக் சாப்பிட்ட பிறகே, அங்கேயே போடும் எஸ்ட்ரியால் என்ற ஈஸ்ட்ரோஜன் களிம்பை எழுதினார்கள். இரண்டு வாரம் தினமும், பிறகு வாரத்துக்கு இரண்டு முறை. இதை மருத்துவரிடம் சொல்ல நான் கூச்சப்பட்டுக் கடத்திய மாதங்கள் பதினான்கு. உடல் எடையும் இறங்கவில்லை, ஏறியதற்கு மருந்தைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை.

கண்ணுக்குத் தெரியாத பயன் எலும்பில் இருந்தது. 2019இல் எலும்பின் அடர்த்தியை அளக்க எடுத்த டெக்ஸா பரிசோதனையில் முதுகெலும்பின் டி மதிப்பு -2.1. இது இளம் வயதினரின் எலும்போடு ஒப்பிட்டுச் சொல்லும் எண், -2.5ஐத் தொட்டால் எலும்புப் புரை நோய். 2021இல் -1.8, 2024இல் -1.7. கேழ்வரகு, கால்சியம், எட்டு வாரத்துக்கு வாரம் ஒன்று வீதம் 60,000 யூனிட் வைட்டமின் டி, மாலை நடை எல்லாம் சேர்ந்ததுதான் இது, ஈஸ்ட்ரோஜனுக்கு மட்டும் முழுப் பெருமையையும் தர முடியாது. ஆனால் அது இல்லாமல் மற்றவை மட்டும் இதைத் தாங்கியிருக்காது என்று மருத்துவர் சொல்கிறார், நானும் நம்புகிறேன்.

இப்போது எனக்கு 44 வயது. இரவில் மூன்று அழுத்தம் ஜெல், மாத நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்ட 12 இரவுகளில் புரொஜெஸ்ட்ரோன், வாரம் இரண்டு முறை களிம்பு, காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை. மாத்திரையிலிருந்து ஜெல்லுக்கு வந்த பிறகு தைராய்டு மாத்திரையின் அளவை மறுபடி 88 மைக்ரோகிராமுக்கு இறக்க வேண்டியிருந்தது. அனல் மாதத்துக்கு ஒன்றிரண்டு, அதுவும் பெரும்பாலும் காபிக்குப் பிறகு. இரத்த அழுத்தத்தை ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்க்கிறார்கள், மார்பகப் பரிசோதனையும் உரிய இடைவெளியில் நடக்கிறது. இந்நிலை குடும்பத்தில் தொடரக்கூடும் என்பதால் மகளிடம் எப்போது சொல்வது என்று மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை. அவளுக்கு இப்போது பதினைந்து. நாட்காட்டியில் உள்ள சிவப்பு வட்டங்களைச் சீட்டுப் பணம் கட்டும் நாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.