‘மயிலாடும்பாறை கத்தி’ என்று யாராவது வந்தால்

பர்கூர், போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம் பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் கவனியுங்கள். பழம்பொருள் இருக்கிறது என்று ஒருவர் வீடு வீடாக வருகிறார். என் தாய்மாமாவிடம் துருப்பிடித்த ஒரு கத்தியையும் உடைந்த பானை ஓடு ஒன்றையும் 60,000 ரூபாய்க்கு விலை பேசி, 15,000 முன்பணம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். பொருளும் அவரிடமே இருக்கிறது, ‘பெட்டி செய்து கொண்டுவருகிறேன்’ என்று எடுத்துப் போனாராம். மாமா வாட்ஸ்அப்பில் படங்களை அனுப்பிய பிறகுதான் எனக்கே விஷயம் தெரியும்.

அவர் காட்டிய ஆதாரங்களில் முதலாவது ஒரு பழைய செய்தித்தாள் துண்டு. நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அகழாய்வு நடந்த மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்த செய்தி. செய்தி உண்மைதான். ஆனால் அந்தக் கி.மு. கணக்கு, அகழாய்வுக் குழியில் இன்ன மண்ணடுக்கு என்று குறித்து எடுத்த மாதிரிக்குச் சொன்னது. எந்தக் குழி, எவ்வளவு ஆழம், கூட என்ன கிடந்தது என்று எதுவுமே தெரியாத கத்திக்கு அதை எப்படி ஒட்டுவது? அது மயிலாடும்பாறையிலேயே கிடைத்தது என்று வைத்துக்கொண்டாலும் ஒட்டாது. துருவும் சாட்சி இல்லை. உப்பையும் அமிலத்தையும் தடவி ஈரமண்ணில் போட்டால் புது இரும்பும் சீக்கிரமே கிழடு தட்டிவிடும்.

அடுத்தது ஆய்வக அறிக்கை. முத்திரை, கையெழுத்து எல்லாம் பக்காவாக இருந்தது. படித்துப் பார்த்தால் எக்ஸ்ஆர்எஃப் சோதனை. இரும்பு எத்தனை சதவீதம், மாங்கனீசு எத்தனை என்று மட்டும் இருக்கிறது. பொருளில் என்ன கலந்திருக்கிறது என்று இந்தச் சோதனை காட்டும், வயதைச் சொல்லாது. வயதைக் கணிக்கும் சோதனை எங்கே என்று போனில் கேட்டேன், “கார்பன் டெஸ்ட் ரிப்போர்ட் எங்கேங்க?” “அதுவும் இதுலயே அடக்கம் சார்” என்றார். அதற்கு மேல் என்ன பேச.

மாமாவை விழவைத்தது என்னவோ அந்தப் பானை ஓடுதான். கறுப்பு சிவப்பு ஓடு, அதில் தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்தில் ‘அதியன்’, அதாவது நம் பக்கத்தை ஆண்ட அதியமானின் பெயர். தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரனுக்கு இந்தப் பெயரைப் பார்த்தால் மனசு இளகாதா? ஓடு நிஜமாகவே பழசாக இருக்கலாம், நம் பக்கத்துக் காடு மேடுகளில் இந்த வகை ஓடு கிடப்பது அதிசயமில்லை. எழுத்துதான் உதைக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஓட்டின் மேற்பரப்பு முழுக்க மண் அப்பியிருக்கிறது, கீறலுக்குள் மட்டும் சுத்தமாக, உள்மண் நிறம் பளிச்சென்று தெரிகிறது. இன்னொன்று, எழுதிய பானை உடைந்தால் எழுத்தும் பெரும்பாலும் சேர்ந்துதான் உடையும். இங்கே நான்கு எழுத்தும் உடைந்த விளிம்பைத் தொடாமல், ஓட்டின் வளைவுக்கு ஏற்றபடி அடக்கமாக உட்கார்ந்திருக்கின்றன. உடைந்த பிறகு எழுதியவன்தான் அப்படி இடம் பார்த்து எழுத முடியும். எழுத்தின் வடிவமும், அதியன் பெயர் பாறையில் வெட்டப்பட்டிருக்கும் ஜம்பைக் கல்வெட்டின் படத்தில் இருப்பதை அப்படியே பார்த்து எழுதினதுபோல் இருக்கிறது. பானையில் கீறுகிறவன் கை பாறையில் வெட்டுகிறவன் கைபோலவா ஓடும்?

“இல்லடா, ஒருவேளை நிஜமா இருந்தா?” என்று மாமா இன்னமும் கேட்கிறார். நிஜமாக இருந்தால் சிக்கல் இன்னும் பெரிசு மாமா என்றேன். மண்ணில் கிடைத்த புதையல் 10 ரூபாய்க்கு மேல் பெறுமானம் என்றாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டம். 100 வருஷம் தாண்டிய பொருளைத் தொழிலாக விற்க உரிமம் வேண்டும் என்கிறது 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டம். அந்த ஆளிடம் உரிமத்தைக் கேட்டதற்கு, “நாங்க பரம்பரையா பண்றோம்” என்பதுதான் பதில்.

பணம் இன்னும் திரும்பவில்லை. போலீசில் மனு கொடுத்திருக்கிறோம். அங்கே இன்ஸ்பெக்டர் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் கத்தி என்றோ ஓடு என்றோ ஒரு வார்த்தை இல்லை, ‘அலங்காரப் பொருள் வகைக்கு முன்பணம்’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. உங்களிடம் வந்தால் அப்படி ஒரு ரசீதை வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால் தூக்கிப் போட்டுவிடாமல் எனக்குத் தகவல் சொல்லுங்கள், மனுவோடு சேர்க்கலாம். ஓட்டின் படங்களைக் கீழே போடுகிறேன், எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள்.