வெள்ளிக்கிழமை நிகழ்ச்சியைச் சனிக்கிழமை பார்க்கிறோம்: ஃப்ரீசாட் பெட்டியோடு ஒன்றரை வருடம்

நான் மருத்துவமனையில் நேர்ஸ். கிழமைக்கு மூன்று இரவு வேலை, மாலை ஏழரைக்குத் தொடங்கி மறுநாள் காலை எட்டு மணிக்கு முடியும். லண்டனுக்கு வந்த நாள் தொட்டு, ஊரெல்லாம் ரீவி பார்க்கிற நேரத்தில் நான் வார்டில்தான் நின்றிருக்கிறேன்.

எனக்கு அது பெரிய குறையில்லை. குறை அம்மாவுக்குத்தான். வெள்ளிக்கிழமைகளில் பிபிசி இரண்டில் வருகிற 'கார்டனர்ஸ் வேர்ல்ட்' அவருக்கு உயிர். 1968 முதல் நடக்கிற நிகழ்ச்சி, இப்போது மொண்டி டொன் நடத்துகிறார். பின்வளவில் சாடிகளில் கறிவேப்பிலைக் கண்டும் மிளகாய்க் கண்டும் வைத்துக் குளிரோடு போராடுகிற அம்மாவுக்கு அந்த மனிதர் சொல்லும் ஒவ்வொன்றும் தேவை. ஆங்கிலம்தான் பாதிக்கு மேல் பிடிபடாது. பக்கத்தில் இருந்து நான் சொல்ல வேண்டும். வெள்ளி இரவுகளில் நான் வீட்டில் இல்லை.

அதற்காகத்தான் இந்தப் பெட்டியை வாங்கினேன். ஃப்ரீசாட் என்பது பிபிசியும் ஐரிவி என்ற தனியார் ரீவி நிறுவனமும் சேர்ந்து 2008 மே மாதம் தொடங்கிய சற்றலைற் சேவை. மாதக் கட்டணம் கிடையாது, பெட்டிக்கு ஒரு முறை கொடுக்கிற காசு மட்டும்தான். நான் எடுத்தது பதிவு செய்யக்கூடிய 4கே பெட்டி, ஒரு டெராபைட் ரகம். இருநூறு பவுண்ஸுக்கு மேல் போனது. டிஷ் வாங்கத் தேவைப்படவில்லை. முன்பு இந்த வீட்டில் இருந்தவர்கள் கட்டணச் சேவைக்குப் பூட்டிய டிஷ் சுவரிலேயே இருந்தது. அதுவும் இதுவும் பார்ப்பது கிழக்கே 28.2 பாகையில் நிற்கிற அதே சற்றலைற்றுகளைத்தான். கேபிளைக் கழற்றிப் பூட்டினேன், படம் வந்தது.

ஆனால் நான் இதைப் புகழ்வது படத்துக்காக இல்லை. ரிமோட்டில் நிகழ்ச்சி அட்டவணையைத் திறந்து இடது அம்புக்குறியை அழுத்தினால் அட்டவணை பின்னால் போகும். நேற்று, முந்தாநாள் என்று ஏழு நாள் வரைக்கும். போன வெள்ளிக்கிழமைக்குப் போய், நிகழ்ச்சியில் நின்று ஓகே அழுத்தினால் பிபிசியின் இன்ரநெற் சேவையான ஐபிளேயர் திறந்து அதே நிகழ்ச்சி ஓடத் தொடங்கும். எந்த ஆப், எங்கே தேடுவது, எழுத்தை எப்படி அடிப்பது என்று எழுபத்தெட்டு வயது மனுஷி படிக்கத் தேவையில்லை. பேப்பரில் ரீவி நிகழ்ச்சிப் பக்கத்தைப் பின்பக்கமாகப் புரட்டுகிற மாதிரித்தான். இரண்டு நாளில் அம்மா பிடித்துக்கொண்டார். கீழே எழுத்தையும் போட்டுவிட்டால் எனக்கும் சொல்லிக்கொடுப்பது சுகம்.

டிஷ்ஷில் வருவது இப்போது நடப்பது. கடந்துபோனது இன்ரநெற்றில் வருகிறது. இதை விளங்காமல் முதல் மாதம் சரியாகக் கஷ்டப்பட்டோம். எங்கள் ரவுட்டர் முன் வாசலில், ரீவி பின் அறையில், நடுவில் தடித்த செங்கல் சுவர் இரண்டு. நேரடிச் சனல்கள் வடிவாக ஓடும், ஐபிளேயர் மட்டும் வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கும். பெட்டி பழுதென்றே நினைத்தேன். ஃபோனை ரீவிக்குப் பக்கத்தில் வைத்து இன்ரநெற் வேகத்தை அளந்தால் விநாடிக்கு மூன்று மெகாபிட். வாசலில் அறுபது! எச்டி படத்துக்கு ஏறக்குறைய ஐந்து வேண்டும். பதினைந்து மீற்றர் ஈதர்நெற் கேபிள் வாங்கி, கார்ப்பெற் ஓரமாகச் செருகிக்கொண்டு போய்ப் பெட்டியில் குத்தினேன். அன்றோடு வட்டம் நின்றது. வாங்குகிறவர்கள் வைஃபையை நம்புவதற்கு முன் ரீவி இருக்கிற இடத்தில் அளந்து பாருங்கள். இன்ரநெற்றுக்கு மாத அளவு இருந்தால் அதையும் யோசியுங்கள், அந்த வேகத்தில் ஒரு மணி நேரம் பார்த்தால் இரண்டு கிகாபைட்டுக்கு மேல் போய்விடும்.

இரண்டு வழி இருப்பதன் அருமை மார்கழியில்தான் தெரிந்தது. இன்ரநெற் கம்பனி மாற்றினோம், புது ஆட்கள் சொன்ன நாளில் வரவில்லை, ஒன்பது நாள் வீட்டில் இணைப்பில்லை. டிஷ் ஓடியது, வன்தட்டில் பதிந்து வைத்ததெல்லாம் ஓடியது. பெருமழைக்கு டிஷ்ஷில் படம் கட்டங்கட்டமாக உடையும்போது ஐபிளேயர் ஒன்றும் நடக்காத மாதிரி ஓடும். "குழாயில தண்ணி வராட்டிக் கிணத்தில அள்ளுற மாதிரி" என்றார் அம்மா.

குறைகளும் உண்டு. அட்டவணையில் பின்னால் போனாலும் எல்லாச் சனலும் எல்லா நிகழ்ச்சியும் கிடைக்காது. சினிமாப் படங்கள் பலவற்றை இன்ரநெற்றில் திரும்பப் போடுகிற உரிமை சனல்களுக்கு இருக்காது. ஐரிவியின் இன்ரநெற் சேவையான ஐரிவிஎக்ஸில் விளம்பரத்தைத் தாண்ட முடியாது, பதிவு செய்து பார்த்தால் தாண்டலாம். அதனால் ஐரிவி நாடகங்களை நான் முன்கூட்டியே பதிவுக்குப் போட்டுவிடுவேன். தமிழ்ச் சனலுக்காக இதை வாங்கவே வேண்டாம்.

அப்புறம் லைசன்ஸ், பிரிட்டனில் ரீவி பார்க்கக் காசு கட்டி எடுக்கிற அனுமதி. மாதக் கட்டணம் இல்லை என்றதும் சிலர் இதையும் மறந்துவிடுகிறார்கள். 2016 செப்டெம்பர் முதல் ஐபிளேயர் பார்க்கவும் ரீவி லைசன்ஸ் வேண்டும். 2025 ஏப்ரலில் அது வருடத்துக்கு 174.50 பவுண்ஸ் ஆனது. வீட்டில் 75 வயது நிறைந்து, பென்ஷன் கிரெடிட் (வருமானம் குறைந்த முதியவர்களுக்கான அரச உதவி) எடுக்கிற பெரியவர்கள் இருந்தால் இலவசமாக எடுக்கலாம், விண்ணப்பிக்கத்தான் வேண்டும். தெரியாமல் காசு கட்டுகிறவர்களை எங்கள் ஆட்களிலேயே பார்த்திருக்கிறேன்.

சனிக்கிழமை காலை வேலை முடிந்து வந்து, மத்தியானம் வரை படுத்து எழும்பிக் கீழே இறங்கினால், ரீவியில் மொண்டி டொன் முதல் நிமிடத்தில் அசையாமல் நிற்பார். அம்மா தானே கண்டுபிடித்து நிறுத்தி வைத்துவிட்டுத் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருப்பார்.