"பெர்க்லியில் இடம் உறுதி" என்று சொல்லி 2 லட்சத்து 80 ஆயிரம் வாங்கினார்கள்

கலிபோர்னியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில், அதாவது இரண்டு வருட அரசுக் கல்லூரியில், பொருளாதாரம் படித்துவிட்டு, பெர்க்லி போன்ற வளாகங்கள் உள்ள யூசி என்ற கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு மாறலாம் என்று திட்டம் வைத்திருப்பவர்கள், யாரிடமாவது பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். வழி நல்ல வழிதான். எனக்கு இப்போதும் அதில் சந்தேகம் இல்லை. நான் ஏமாந்தது கோயம்புத்தூரில், ஒரு கன்சல்டன்சியிடம்.

பிளஸ் டூ முடித்த கோடையில் அப்பாவும் நானும் அங்கே போனோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஒரு வழவழப்பான தாளை எங்கள் பக்கம் திருப்பி வைத்து, பச்சைப் பேனாவால் 'கேரண்டி' என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு போட்டார். "சார், இது அங்க இருக்கிற அரசுத் திட்டம். தம்பி ரெண்டு வருஷம் நல்ல மார்க் எடுத்தா போதும், பெர்க்லி சீட் எழுதி வச்ச மாதிரி" என்றார். அப்பா பம்ப் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். எதையும் இரண்டு முறை கேட்பார். அன்றும் கேட்டார். இரண்டு முறையும் அதே பதில்தான் வந்தது.

திட்டம் உண்மையில் இருக்கிறது. டேக் என்று சொல்வார்கள், டிரான்ஸ்பர் அட்மிஷன் கேரண்டி. ஆனால் அது ஆறு யூசி வளாகங்களுக்கு மட்டும்தான்: டேவிஸ், எர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ். பெர்க்லி, லாஸ் ஏஞ்சல்ஸ், சான் டியாகோ மூன்றும் இதில் கிடையாது. ஆக, அவர் கோடு போட்டுக் காட்டிய அந்த 'கேரண்டி' பெர்க்லிக்கு இல்லவே இல்லை. இருக்கிற ஆறிலும் ஒரு வருடத்தில் ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் போட முடியும். அதுவும் செப்டம்பர் 1 முதல் 30-க்குள்.

கட்டணத்திலும் இதே கதை. பாடத்தின் அளவை யூனிட் என்பார்கள். யூனிட்டுக்கு 46 டாலர்தான் என்று சொல்லி, செமஸ்டருக்கு 12 யூனிட் என்று பெருக்கி 552 எழுதிக் காட்டினார்கள். 46 என்பது கலிபோர்னியாவில் வசிப்பவர்கள் கட்டும் தொகை. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் போகிறவர்கள் அதற்கு மேல் வெளியூர்க் கட்டணமும் கட்ட வேண்டும். என் கல்லூரியில் அது யூனிட்டுக்கு 300 டாலருக்கு மேல். விசாவுக்காகக் கல்லூரி அனுப்பும் ஐ-20 படிவம் வந்தபோது தொகை பெரிதாக இருக்கிறதே என்று அப்பா கேட்டார். "அது விசாவுக்குக் காட்டுற கணக்கு சார், கட்டுறது கம்மிதான்" என்று சமாளித்தார்கள். அதை நம்பி, வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கினோம். யூசிக்கு மாறிய பிறகு வெளிமாநில, வெளிநாட்டு மாணவர்கள் கூடுதலாகக் கட்ட வேண்டியது ஆண்டுக்கு 34,000 டாலருக்கு மேல். அதைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம். என் ஒரு வருடத்தைத் தின்றது கணக்குப் பாடம்.

எந்தெந்தப் பாடம் எடுக்க வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பினார்கள். மைக்ரோ, மேக்ரோ, புள்ளியியல், பிசினஸ் கால்குலஸ். கல்லூரியிலேயே பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் கவுன்சலர் இருக்கிறாரே, அவரிடம் ஒருமுறை காட்டட்டுமா என்று கேட்டேன். "அவங்க குழப்பி விட்டுடுவாங்க தம்பி. பிசினஸ் கால்குலஸ் ஈஸி, ஏ கிடைக்கும். நாங்க பார்த்துக்கறோம்." சரி என்று எடுத்தேன். ஏ-யும் கிடைத்தது. இரண்டாம் வருடம் செப்டம்பரில் டேக் பற்றிக் கேட்டபோது, டிசம்பரில் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். அந்தச் செப்டம்பர் அப்படியே போனது.

நவம்பரில் உடன் படிக்கும் ஒரு அக்கா என் பட்டியலைப் பார்த்துவிட்டு, "இதை அசிஸ்ட்டில் பார்த்தாயா?" என்று கேட்டார். அன்றுதான் அந்தப் பெயரையே கேள்விப்பட்டேன். மறுநாள் கவுன்சலர் அறைக்குப் போனேன். அவர் அசிஸ்ட் தளத்தைத் திறந்து, கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். இடப்பக்கம் பல்கலைக்கழகம் கேட்கும் பாடங்கள், வலப்பக்கம் அதற்கு ஈடான எங்கள் கல்லூரிப் பாடங்கள். கால்குலஸுக்கு இரண்டு வரி இருந்தது. ஒன்றுக்கு நேரே கால்குலஸ் 1, இன்னொன்றுக்கு நேரே கால்குலஸ் 2. நான் எடுத்த பாடம் எதிலும் இல்லை. நான் குறிவைத்திருந்த மூன்று வளாகங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். மூன்றிலும் இதே நிலைதான். இனிமேல் கால்குலஸ் 1 எடுத்தால், அதற்கும் பிசினஸ் கால்குலஸுக்கும் சேர்த்து ஒரு பாடத்துக்குத்தான் யூசி யூனிட் கொடுக்கும் என்றும் சொன்னார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அப்பாவுக்கு போன் செய்தேன். அங்கே விடியற்காலை. அப்பா திட்டவே இல்லை, "இன்னும் எவ்வளவு ஆகும்?" என்று மட்டும் கேட்டார். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

கால்குலஸ் 1 முடித்தால்தான் 2. அதனால் இன்னும் ஒரு வருடம். அதற்கான கட்டணம், வாடகை, காப்பீடு, கடன் வட்டி எல்லாம் தனி.

பணத்தைத் திருப்பிக் கேட்க அப்பா போனபோது ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைக் காட்டினார்கள். சேர்க்கைக் கடிதம் வந்ததோடு சேவை முடிந்தது என்று பொடி எழுத்தில் இருந்தது. கம்யூனிட்டி காலேஜ் எல்லோருக்கும் திறந்த கதவு. பள்ளி முடித்த சான்றிதழ், ஆங்கிலத் தேர்வு மதிப்பெண், வங்கிக் கணக்குக் காகிதம் இருந்தால் நீங்களே விண்ணப்பித்துவிடலாம். அதற்குத்தான் 2 லட்சத்து 80 ஆயிரம் கொடுத்திருக்கிறோம். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுக்க அப்பா இப்போது ரசீதுகளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். "நாங்க பார்த்துக்கறோம்" என்று அவர்கள் அனுப்பிய வரிகள்தான் எங்களிடம் உள்ள சாட்சி.

அசிஸ்ட் டாட் ஓஆர்ஜி என்ற தளத்தில் கல்லூரி, பல்கலைக்கழகம், மேஜர் (முதன்மைப் பாடம்) மூன்றையும் தேர்ந்தெடுத்தால், எந்தப் பாடம் எதற்கு ஈடு என்ற முழு ஒப்பந்தமும் இலவசமாகத் தெரியும். கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே கோயம்புத்தூரில் உட்கார்ந்தபடி பார்க்கலாம். எக்கனாமிக்ஸ் என்ற ஒரே மேஜருக்கு வளாகத்துக்கு வளாகம் கணக்குப் பாடம் மாறும், அதனால் ஒன்றைப் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். போய்ச் சேர்ந்த முதல் வாரமே கவுன்சலரிடம் நேரம் வாங்குங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.

இந்தச் செப்டம்பரில் டேக் படிவத்தை நானே நிரப்பி அனுப்பினேன். கால்குலஸ் 2 நடந்துகொண்டிருக்கிறது. போன வாரம் ஊரிலிருந்து ஒரு நண்பன் படம் எடுத்து அனுப்பினான். அந்தக் கன்சல்டன்சியின் புதிய பேனரில், விசா வாங்கிய அன்று அவர்கள் எடுத்த என் படம் இருக்கிறது, கீழே 'பெர்க்லி' என்று எழுதியிருக்கிறது. நான் பெர்க்லியில் படிக்கவில்லை. அந்தப் படத்தைப் பார்த்து யாரும் பணம் கட்டாதீர்கள்.