செப்டிக் டேங்க் தண்ணீருக்குப் பாசித் தொட்டி: சில வருட அனுபவம்

செப்டிக் டேங்கிலிருந்து வழியும் தண்ணீரையும் குளியலறைத் தண்ணீரையும் தோட்டத்தில் ஒரு சிமென்ட் தொட்டியில் விட்டு, நுண்பாசியை வைத்துச் சுத்தம் செய்கிறோம். தொட்டி ஓரடி ஆழம்தான். அதற்கு மேல் போனால் அடிவரை வெயில் இறங்காது. 1950களில் கலிபோர்னியாவில் பொறியாளர் வில்லியம் ஆஸ்வால்ட் கழிவுநீருக்காக உருவாக்கிய பாசிக் குட்டைகளும் இப்படி ஆழமில்லாதவைதான். பாசியை விலைக்கு வாங்கவில்லை, பக்கத்துக் குளத்திலிருந்து ஒரு குடம் பச்சைத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினோம். சின்ன மோட்டார் ஒன்று தண்ணீரைச் சுற்றவிடுகிறது, அதனால் கொசுவும் முட்டையிடுவதில்லை.

முதலில் போனது நாற்றம். பகலில் பாசி விடும் ஆக்சிஜனை வைத்து பாக்டீரியா அழுக்கைச் சிதைக்கிறது. அப்போது வெளிவரும் கரியமில வாயுவைப் பாசி எடுத்துக்கொள்கிறது. அம்மோனியாவும் பாஸ்பேட்டும் அதற்குச் சாப்பாடு. காற்றடிக்கத் தனியாக ப்ளோயர் வேண்டாம். நல்ல வெயில் நாளில் மத்தியானம் பி.எச். தாளை நனைத்தால் 9-ஐத் தாண்டிக் காட்டும், அதாவது தண்ணீரில் காரத்தன்மை ஏறிவிடும். கிருமிகள் குறைய அதுவும் ஒரு காரணம்.

சரி, தொல்லை எங்கே? பாசியைத் தண்ணீரிலிருந்து பிரிப்பதில். ஒரு செல் சில மைக்ரான்தான், துணியில் நிற்காது. கண்ணாடி டம்ளரில் பிடித்து ராத்திரி முழுக்க வைத்தாலும் காலையில் அதே பச்சைதான். படிகாரம் போட்டால் படியும், ஆனால் அலுமினியம் கலந்த சேறு மிஞ்சும். தோட்டத்துக்கு விடுகிறவர்களுக்குப் பிரிக்கும் வேலையே வேண்டாம் என்பது என் முடிவு. பாசியிலுள்ள நைட்ரஜன் வாழைக்கும் தென்னைக்கும் உரம். கீரைக்கு மட்டும் விடாதீர்கள்.

தொட்டி திடீரென்று தெளிந்தால் சந்தோஷப்பட வேண்டாம். குனிந்து பாருங்கள், ஊசிமுனை அளவில் ஏதோ தத்தித் தத்தி நீந்தும். மொய்னா என்கிற நீர்த்தெள்ளு! ஓரிரு நாளில் பாசி மொத்தத்தையும் தின்றுவிடும். நெருக்கமான வலையால் அரித்தெடுப்போம். கப்பி மீன் வளர்க்கும் பக்கத்து வீட்டுத் தம்பி வாளியோடு வந்து வாங்கிப்போவார்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பாசி மந்தமாகிவிடும். அந்த நாட்களில் தண்ணீரை உறிஞ்சுகுழிக்குத் திருப்பிவிடுகிறோம்.

தலைக்குச் சில சதுர மீட்டராவது வெயில் படும் இடம் வேண்டும், அதனால் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு இது ஒத்துவராது. மொட்டை மாடியில் கட்டலாமா என்று கேட்கிறார்கள். ஓரடித் தண்ணீர் சதுர மீட்டருக்கு 300 கிலோ எடை. தளம் தாங்குமா என்று இன்ஜினியரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.